முப்பத்தொன்றாம் தேதியும் ஒன்றாம் தேதியும்

அந்த இரண்டு நாளும் வானம் மஞ்சளாக இருந்தது என்று கனாயே சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். இரண்டாம் நாள் காலையில் தூறல் போட்டது, ராட்டினத்தின் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக இறங்கியது என்று இன்னொரு சமயம் சொல்லியிருக்கிறாள். இரண்டில் எது உண்மை என்று நான் கேட்டதில்லை. பாசி காயவைக்கும் கொட்டகையில் அவளுக்கும் எனக்கும் இருபது வருஷம் பக்கத்துப் பக்கத்து இடம். இயந்திரம் ஓடும்போது பாதிப் பேச்சு காதில் விழாது. விழாததை நானே இட்டு நிரப்பியிருக்கவும் கூடும். தேதிகள் மட்டும் சரி. அவற்றில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தெற்கு ஜப்பானில், எங்கள் அரியாகே கடலில் பாசி அறுப்பு மார்ச்சோடு முடிந்துவிடும். பாசி வலை கட்ட அக்டோபரில் நட்ட கம்புகளைப் பிடுங்கிக் கரையேற்றி, வலைகளை உப்புப் போகக் கழுவி மடித்து வைத்துவிட்டால் அந்த வருஷத்துக் கடல் அவ்வளவுதான். அந்த வருஷம் அதுவும் சரியில்லை. ஜனவரியிலேயே தண்ணீர் செம்மண் கரைத்ததுபோல் கலங்கிவிட்டது. அரைத்துக் காயவைத்தால் கறுப்பாகப் பளபளக்க வேண்டிய பாசித்தாள் வெளுத்துப் பழுப்பாக வந்தது. பிப்ரவரியில் ஒருநாள், வலையை இழுத்துக்கொண்டிருந்த தமோத்சு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படகிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் தம்பி, கனாயேயின் புருஷன் இசாமுதான் படகைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவந்தான்.

அதற்கு ஒரு மாதம் கழித்து, கொட்டகைக்குப் பின்னால் வலை கழுவும்போதுதான் இசாமு மனைவியிடம் வாயைத் திறந்தான்.

"அண்ணன் கேக்கறாரு."

"என்னத்த?"

"பிள்ளைல ஒண்ண."

கையில் இருந்த குழாயை அவன் நிறுத்தவில்லை. தண்ணீர் வலையின் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. கனாயே குனிந்தபடியே அழுக்கைத் தேய்த்தாள்.

"எட்டு வீடு தள்ளித்தானே கனாயே. கடல் தாண்டியா அனுப்புறோம்? சாயங்காலம் நம்ம வீட்டுல வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

"என்னை என்னன்னு கூப்பிடும்?"

இசாமு குழாயை வேறு பக்கம் திருப்பினான்.

"சித்தின்னு கூப்பிடும்," என்று கனாயே தானே சொல்லிக்கொண்டாள்.

தமோத்சுவுக்கும் அவர் மனைவி ஹிஸாயோவுக்கும் பிள்ளை இல்லை. கடலில் பாசி வளர்க்கும் உரிமை மூத்தவரான தமோத்சுவின் பெரிய வீட்டின் பேரில்தான் மீனவர் சங்கத்தில் பதிந்திருந்தது. அந்த வீட்டுப் பதிவேட்டில் வாரிசு இல்லாமல் போனால் உரிமை சங்கத்துக்குத் திரும்பிவிடும். இசாமு இருபது வருஷமாக அந்தக் கடலில் நின்றாலும் அவன் பிரிந்து வந்த இளையவன். அவனுக்கென்று அதில் ஒரு கம்புகூடக் கிடையாது.

"நாம குடுக்கலேன்னா மதினி அவங்க அக்கா மகனைக் கூட்டிட்டு வந்துருவாங்க. டயர் கடைல நிக்கிறானே, அவன். அவன் வந்தா நான் எந்தப் படகுல ஏறுறது?"

"எந்தப் பிள்ளைய?"

"அவங்களே பாத்துச் சொல்றாங்களாம். ரெண்டு நாள் எல்லாருமா ராட்டினப் பூங்காவுக்குப் போயிட்டு வருவோம்னு மதினி சொன்னாங்க. கூட இருந்து பாத்தாத்தானே தெரியும். சண்டை சச்சரவு இல்லாத பிள்ளையா இருந்தாப் போதுமாம், அண்ணன் நெஞ்சு தாங்காது. ரெண்டும் அடிச்சுக்காமப் பாத்துக்க, அவ்வளவுதான் உன் வேலை."

அவ்வளவுதான் உன் வேலை. கனாயே அதைத்தான் ஐந்து வருஷமாகச் செய்துகொண்டிருந்தாள்.

மூத்தவள் சிஹோவுக்குப் பதினொன்று, சின்னவள் வகானாவுக்கு எட்டு. வகானாவுக்கு மூன்று வயதானபோது, அறுப்பு மும்முரமாக நடந்த ஒரு ஜனவரியில், யார் முதலில் குளிப்பது என்று இருவரும் தொட்டி ஓரத்திலேயே கடித்துக்கொண்டார்கள். கனாயே விடியலிலிருந்து பனித்தண்ணீரில் நின்றவள். விரல்கள் வெடித்து ரத்தம் கட்டியிருந்தன. சமாதானம் பேச அவளிடம் தெம்பு இல்லை. சுவரில் தொங்கிய சங்கத்துக் காலண்டரைக் காட்டி ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். ஒற்றைப்படைத் தேதி அக்கா நாள். இரட்டைப்படைத் தேதி தங்கச்சி நாள். யார் நாளோ அவளுக்குத்தான் முதல் குளியல், ஜன்னலோர இடம், டிவி, கடைசித் துண்டு மீன். மற்றவள் வாயைத் திறக்கக் கூடாது. அன்றிலிருந்து வீடு அடங்கிவிட்டது. எங்காவது குரல் எழும்பினால் அடுப்படியிலிருந்தே, "இன்னைக்கு யாரு நாள்?" என்று கேட்டால் போதும். விளக்கை அணைத்ததுபோல் சத்தம் நின்றுவிடும். இதைக் கொட்டகையில் பெருமையாகச் சொல்லுவாள். எங்களில் இரண்டு மூன்று பேர் எங்கள் வீட்டிலும் செய்து பார்த்தோம்.

பூங்காவுக்குப் போக விடுப்புக் கிடைத்தது மார்ச் முப்பத்தொன்றும் ஏப்ரல் ஒன்றும். இசாமுதான் விடுதியில் சொல்லி வைத்தான். தேதியை அவன் யோசிக்கவில்லை. கனாயேயும் யோசிக்கவில்லை. வேனில் ஏறியபோதுதான் அவளுக்கு உறைத்தது.

சிஹோ நேராக ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள். வேனுக்குள் பாசி வாடையும் டீசல் வாடையும் கலந்து அடித்தது. வெளியே கம்புகள் இல்லாத கடல் சேறு தெரிய வற்றிக் கிடந்தது. மேற்கிலிருந்து வந்த மஞ்சள் தூசியில் எதிர்க்கரை மலை காணாமல் போயிருந்தது.

"அம்மா, நாளைக்கு என்ன தேதி?" என்று வகானா கேட்டாள்.

"ஒண்ணு."

முன் இருக்கையில் இருந்த ஹிஸாயோ திரும்பினாள்.

"எதுக்குடா கண்ணு தேதி கேக்குற?"

இசாமு சிரித்துக்கொண்டே வீட்டு வழக்கத்தைச் சொன்னான். ஹிஸாயோ சிரிக்கவில்லை.

"அப்போ இந்த ரெண்டு நாளும் சின்னவளுக்கு ஒண்ணும் கிடையாதா?"

"மாசம் முப்பத்தொண்ணுல முடிஞ்சா அப்படித்தான் மதினி. என்ன பண்றது!"

"வருஷத்துல ஏழு தடவை," என்றாள் வகானா. "காலண்டர்ல எண்ணிப் பாத்தேன். எனக்கு ஒரு தடவைகூட ரெண்டு நாள் சேந்து வராது."

தமோத்சு குலுங்கிச் சிரித்தார். "ஏ இசாமு, உன் மக சங்கத்துல செயலாளரா உக்கார வேண்டியவடா!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹிஸாயோ மட்டும் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை கனாயேக்குத் தெரியும். பாசித்தாளை விளக்கின்மேல் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் பார்வை அது. பெரிய வீட்டில் தாள் தரம் பிரிப்பது ஹிஸாயோதான். இருபது வருஷத்தில் அவள் பிரித்த கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பூங்கா பழைய நிலக்கரிச் சுரங்கத்தின்மேல் கட்டியது. எத்தனை பூச்செடி வைத்தும் மண் கறுப்பாகத்தான் இருந்தது. பிள்ளைகள் நடந்த வெள்ளைச் செருப்பு ஒரு மணி நேரத்தில் சாம்பல் நிறமாகிவிட்டது. மதியம் மரத்தடியில் பாய் விரித்து ஹிஸாயோ கொண்டுவந்த அடுக்குப் பெட்டியைத் திறந்தார்கள். பொரித்த கோழி, இனிப்பு முட்டைச் சுருள், தாமரைக்கிழங்கு, அவர்கள் கடல் பாசி சுற்றிய சோற்று உருண்டை. பக்கத்துக் கடையிலும் உருண்டை விற்றது. இசாமு ஒன்று வாங்கி வந்து கடித்துப் பார்த்தான்.

"ரப்பர். இழுத்தா வரமாட்டேங்குது. இதையும் பாசின்னு சொல்லி விக்கிறான் பாருண்ணே."

"இந்த வருஷம் நம்ம பாசியும் அந்த லட்சணந்தான். வாய மூடிட்டுத் தின்னு," என்றார் தமோத்சு. அவர் மாத்திரையைத் தேநீரோடு விழுங்கி, நெஞ்சை ஒரு தரம் தடவிக்கொண்டார்.

சாப்பிட்டு எழுந்ததும் எதில் ஏறுவது என்ற பேச்சு வந்தது. சிஹோவின் நாள். அவள் பெரிய ரோலர் கோஸ்டரைக் காட்டினாள். நுழைவாயிலில் மரத்தில் செய்த கரடி ஒன்று கையை நீட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கை உயரம் எட்டாத பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. வகானா நுனிக்காலில் எம்பிப் பார்த்தாள். நான்கு விரல் குறைந்தது. வரிசை ஒன்றரை மணி நேரம் என்று பலகையில் போட்டிருந்தது.

வகானாவின் கீழுதடு மடிந்தது. அழவில்லை. அவள் நாள் இல்லாத நாளில் அழுது பிரயோசனம் இல்லை என்று ஐந்து வருஷத்தில் பழகியிருந்தாள்.

சிஹோ அம்மாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அம்மா, நாளைக்கு வேணும்னா வகானா நாளா வச்சுக்கலாமா? நான் குடுத்துடறேன். பாவமா இருக்கு."

கனாயே திரும்பிப் பார்த்தாள். பாயை மடித்தபடி ஹிஸாயோ இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஒன்றைக் கொடுத்தால் நாளைக்கு அது போதாது என்று வரும். நீ கொடுத்தாய், நான் கேட்டேன் என்று பேச்சு வளரும். இத்தனை நாள் கட்டிவைத்தது ஓரகத்தி கண்முன்னால் அவிழும். அப்படித்தான் அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றியது.

"வேண்டாம். சட்டம்னா சட்டந்தான். ஒரு தடவை மாத்துனா அப்புறம் முடிவே இருக்காது."

"நானே சொல்றேனேம்மா..."

"சிஹோ. வரிசைல போய் நில்லு."

பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்பதால் கனாயேயும் வரிசையில் நின்றாள். இசாமு அண்ணனோடு புகை பிடிக்கும் இடத்துக்குப் போய்விட்டான். வகானாவை ஹிஸாயோ கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவதை, வளைந்து வளைந்து போன வரிசையிலிருந்து கனாயே பார்த்தாள். வளைவு ஒவ்வொன்றிலும் அவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். ஒரு தரம் படகுக் குளத்தில். ஒரு தரம் பஞ்சு மிட்டாய்க்காரனிடம். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, ஹிஸாயோ பிள்ளையின் செருப்பைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து அளந்துகொண்டிருந்தாள். அதற்கடுத்த வளைவில் இருவரும் இல்லை.

வண்டி உச்சிக்கு ஏறும்போது சிஹோ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு இது பிடிக்கவே இல்ல," என்றாள். அதற்குள் வண்டி கவிழ்ந்தாற்போல் கீழே பாய்ந்தது.

சாயங்காலம் விடுதியில் முதல் குளியல் சிஹோவுக்கு. அம்மாவோடு போய்விட்டு வந்தாள். வகானாவை ஹிஸாயோ கூட்டிப் போனாள். திரும்பி வந்த பிள்ளையின் முகம் சிவந்து பளபளவென்று இருந்தது. தலைமுடி வழவழவென்று சீவிப் பின்னியிருந்தது.

"பெரியம்மா தலை தேச்சு விட்டாங்கம்மா. மெதுவா. உன் கை மாதிரி குத்தவே இல்ல."

"அது பாசித் தண்ணி பட்ட கைடா. அம்மா கைதான் நமக்குச் சோறு போடுது," என்றாள் ஹிஸாயோ. அதில் குத்தல் எதுவும் இல்லை. அதனாலேயே கனாயேக்குத் தாங்கவில்லை. கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

சாப்பாட்டில் ஆளுக்கொரு மீன் வந்தது. ஹிஸாயோ தன் மீனைத் தொடாமல் வகானாவின் மீனில் முள் எடுத்துக்கொடுத்தாள். வகானா எட்டு வயசிலேயே முள் எடுக்கத் தெரிந்தவள். கடற்கரைப் பிள்ளை. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, எடுத்து வைக்க வைக்கத் தின்றாள்.

"நல்ல பிள்ளைங்க. ரெண்டும் ஒரு சத்தம் இல்ல பாரேன்," என்றார் தமோத்சு. "கனாயே, உன்னைச் சொல்லணும்."

கனாயே குனிந்து நன்றி சொன்னாள்.

மறுநாள் பத்து மணிக்கு ராட்டினத்தில் ஏறிவிட்டுக் கிளம்புவது என்று முடிவு. ஒரு கூண்டில் நான்கு பேர்தான் ஏறலாம். மொத்தம் ஆறு பேர். மூன்று மூன்றாகப் பிரிந்துகொள்ளலாம் என்றான் இசாமு. கூண்டுகள் ஒவ்வொன்றும் ஒரு நிறம். சிவப்பு கீழே இறங்கி வந்துகொண்டிருந்தது.

"சிவப்பு! அதுல ஏறலாம்!" என்று வகானா ஓடினாள்.

"நீலம்தான். ரெண்டு விட்டு வருது," என்றாள் சிஹோ.

"நேத்தும் நீ சொன்னதுதானே. இது ஒண்ணாவது..."

"என் நாள்."

"எல்லாம் உன் நாள்! எப்பப் பாத்தாலும் உன் நாள்!"

வகானா அக்காவின் சடையைப் பிடித்து இழுத்தாள். சிஹோ தள்ளினாள். வகானா முழங்கால் சிராய்க்க விழுந்து, எழுந்து, முட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் கட்டிப் புரண்டார்கள். வரிசையில் நின்றவர்கள் விலகி வட்டம் போட்டார்கள். தமோத்சுவின் கை நெஞ்சுக்குப் போனது. ஹிஸாயோ முகம் சுருங்கி, ஒரு அடி பின்னால் போனாள்.

கனாயே அந்த முகத்தைப் பார்த்தாள்.

அடித்துக்கொள்ளட்டும் என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. இன்னும் கொஞ்சம். கடிக்கட்டும், ரத்தம் வரட்டும், இந்தக் கூட்டம் முழுக்கப் பார்க்கட்டும். இந்தப் பிள்ளைகள் வேண்டாம் என்று அந்தப் பெரியம்மா வாயாலேயே வரட்டும். படகு போனால் போகட்டும். டயர் கடைக்காரன் வந்து கடலை வைத்துக்கொள்ளட்டும். ஊருக்குள் வேறு வேலையா இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. நீலக் கூண்டு வந்து போய்விட்டதாக ஒரு ஞாபகம்.

"கனாயே!" என்று இசாமு பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டான்.

அவள் வாய் தானாகத் திறந்தது.

"இன்னைக்கு யாரு நாள்?"

இருவரும் கையை விட்டுவிட்டார்கள். மூச்சு மட்டும் வாங்கியது.

"அக்கா நாள்," என்றாள் வகானா தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்பாடி!" தமோத்சு பெருமூச்சு விட்டார். "ஒரு வார்த்தைல அடக்கிட்டாளே. இப்படி வளந்த பிள்ளைதான் வேணும்னேன், கேட்டியா ஹிஸாயோ?"

ஹிஸாயோவின் முகம் மறுபடி விரிந்தது. அவள் வகானாவின் முன்னால் குந்தி உட்கார்ந்து கைக்குட்டையை எச்சிலில் நனைத்து முழங்காலில் ஒட்டிய கரிமண்ணைத் துடைத்தாள்.

"வகானா, எங்க வீட்டுக்கு வந்துடறியா? எங்ககூடவே இருக்கறதுக்கு?"

"அக்காவும் வருவாளா?"

"இல்ல. நீ மட்டுந்தான்."

"அப்போ நாள் எப்படிப் பிரிப்பீங்க?"

"பிரிக்க அங்க வேற யாருடா இருக்கா? எல்லா நாளும் உன் நாள்தான்."

வகானா அதை நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தாள்.

"முப்பத்தொண்ணாம் தேதியும்?"

"அதுவும்."

"ஒண்ணாம் தேதியும்?"

"ஆமாடா. எல்லாம்."

பிள்ளை கொஞ்சம் யோசித்தது. யோசித்ததைக் கனாயே பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டு நாள் விருந்துக்குப் போவதுபோல்தான் அது யோசிக்கிறது என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"சரி. வரேன்."

"பிள்ளை வாயாலேயே வந்துடுச்சு," என்றார் தமோத்சு. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தம்பியின் முன்னால் இடுப்பை மடித்துக் குனிந்தார். அண்ணன் தனக்குக் குனிவதை இசாமு அதுவரை பார்த்ததில்லை. பதறிப்போய் அவனும் குனிந்தான்.

"அம்மா." சிஹோ கனாயேயின் சட்டையை இழுத்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "அம்மா, இன்னைக்கு என் நாள். அவ சொன்னது செல்லாது. என் நாள்ல அவ சொன்னா எப்படிச் செல்லும்? செல்லாதுன்னு சொல்லும்மா."

தமோத்சு சிரித்தார். வரிசையில் யாரோகூடச் சிரித்தார்கள்.

"சொல்லும்மா!"

ஐந்து வருஷம் ஒவ்வொரு நாளும் தீர்ப்புச் சொன்னவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. புருஷன் குனிந்திருந்தான். ஹிஸாயோவும் எழுந்து நின்று அவளை நோக்கிக் குனிந்தாள். வெகு ஆழமாக, வெகுநேரம். கனாயேயின் தலையும் தாழ்ந்தது.

வகானா பெரியப்பாவோடும் பெரியம்மாவோடும் வந்த கூண்டில் ஏறினாள். என்ன நிறம் என்று அவள் பார்த்ததாகத் தெரியவில்லை. மற்ற மூவரும் அடுத்த கூண்டில். மேலே போகப் போக வற்றிய கடல் தெரிந்தது. இசாமு, சங்கத்துக் கொட்டகை தெரிகிறதா என்று தேடினான். சிஹோ அம்மாவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். முன் கூண்டின் கண்ணாடியில் வகானா நெற்றியை அழுத்திக் கையாட்டினாள். கனாயேயும் ஆட்டினாள். உச்சி தாண்டியதும் அந்தக் கூண்டு அவர்களுக்குக் கீழே போய்விட்டது. அதன் கூரை மட்டும்தான் தெரிந்தது.

ஏப்ரல் பாதிக்குள் வகானாவின் பெயர் பெரிய வீட்டுப் பதிவேட்டுக்கு மாறியது. முதல் வருஷம் வகானா சாயங்காலம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். அழுது திரும்பி ஓடிவந்த நாட்களும் உண்டு. ஹிஸாயோ வந்து வாசலில் நின்று காத்திருந்து கூட்டிப் போவாள், ஒருநாளும் கடிந்து பேசியதில்லை. பிறகு வருவது குறைந்தது. ஊரார் முன்னால் கனாயேயைச் சித்தி என்றுதான் கூப்பிட்டாள். தனியாக இருக்கும்போது எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டாள்.

தமோத்சு அதற்குப்பின் ஆறு வருஷம் இருந்தார். சிஹோ படிப்பு முடிந்ததும் ஃபுகுவோகாவுக்குப் போய்ப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். புத்தாண்டுக்கு வருவாள். அம்மாவோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. வகானா இருபத்து நான்கு வயதில் கல்யாணம் செய்துகொண்டாள். மாப்பிள்ளை தன் குடும்பப் பெயரை விட்டுப் பெரிய வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டு வந்தவன். உரிமை அவள் பேரில் இருக்கிறது. இசாமு முழங்கால் போகும்வரை அவள் படகில்தான் வேலை செய்தான். அந்தப் பூங்காவை மூடிவிட்டார்கள். ஹிஸாயோவுக்கு இப்போது கண் தெரியாது. கனாயே தினமும் எட்டு வீடு நடந்துபோய் அவளுக்குத் தலை சீவிவிட்டு வருகிறாள்.

வகானாவுக்கு ஒரு மகன். இன்னொன்று பெற்றுக்கொள் என்று ஊரே சொல்லிப் பார்த்தது. ஒன்று போதும் என்று நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று கனாயே கேட்கவில்லை.